காத்திருந்தவர்களே ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை? ஞாயிறு பள்ளியில் வந்த கேள்வி

பாளை டீச்சர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு நான்தான் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். இந்த லெந்து நாட்களில் யோவான் 1:11 மனப்பாட வசனம். "அவர் தமக்குச் சொந்தமானதிலே வந்தார், அவருக்குச் சொந்தமானவர்களோ அவரை ஏற்றுக்கொள்ளவில்லை." பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான்.

"டீச்சர், ஊர்ல இருந்து மாமா வாராங்கன்னா நாங்க சாயங்காலத்துல இருந்தே தெரு முக்குல நிப்போம். பஸ்ஸ விட்டு இறங்கும்போதே தெரிஞ்சிரும். இந்த யூதங்க மேசியாவுக்காக நூத்துக்கணக்கான வருஷமா நின்னிருக்காங்க. வந்தப்போ எப்படி டீச்சர் தெரியாமப் போகும்?"

"அவங்க இருதயம் கடினப்பட்டிருந்தது" என்றேன். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தலையை ஆட்டினான், ஆனால் அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் ஒருவன், "யூதங்கதானே இயேசப்பாவக் கொன்னாங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்ல, ஒரு பிள்ளை திரும்பி, "ஏல, பேதுருவும் யூதர்தாம்ல" என்றாள். சத்தம் கூடிவிட்டது, மணியும் அடித்துவிட்டது.

வாக்களிக்கப்பட்ட மீட்பராகிய மேசியா என்று அந்த நாட்களில் அவர்கள் உண்மையிலேயே யாரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்? நம் ஆண்டவர் அதில் எங்கே பொருந்தவில்லை? "சொந்தமானவர்கள்" என்றால் ஜனம் மொத்தமுமா? பதிமூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய மாதிரி யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். பிரசங்கம் வேண்டாம், நிறையக் கேட்டாயிற்று.

திறப்பின் வாசல்:

சகோதரி, இதில் குழம்ப ஒன்றுமில்லை. பெத்லகேமில் பிறப்பார் என்று மீகா 5:2. கழுதைக்குட்டியின்மேல் வருவார் என்று சகரியா 9:9. பாடுபடுவார் என்று ஏசாயா 53. எல்லாம் கையில் இருந்தும் காணவில்லை. மோசேயின் ஆகமம் வாசிக்கப்படும்போது அவர்கள் இருதயத்தின்மேல் முக்காடு இருக்கிறதென்று பவுலே 2 கொரிந்தியர் 3இல் சொல்லிவிட்டார். அதற்குமேல் சரித்திரம் தோண்டினால் பிள்ளைகளுக்குச் சந்தேகம்தான் வரும்.

குமரிக்காரன்:

டீச்சர், எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இஸ்ரேலில் வயதானவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். இப்போது நான் பார்த்துக்கொள்ளும் தாத்தா ரமத் கானில் இருக்கிறார். பாக்தாத்தில் பிறந்து, 1951இல் அப்பா அம்மாவோடு விமானத்தில் வந்து இறங்கிய யூதர். ஈராக்கிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், அதனால் எதைப் பேசினாலும் படிபடியாகத்தான் பேசுவார். உங்கள் பையன் கேட்டதையே கொஞ்சம் சுற்றிவளைத்து நானும் அவரிடம் கேட்டிருக்கிறேன்.

இங்கே சைரன் அடித்தால் மமாத் என்கிற கான்கிரீட் அறைக்குள் போய், இரும்பு ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு உட்காரவேண்டும். அவரை வீல்சேரோடு உள்ளே தள்ளிக்கொண்டு போன ஒரு ராத்திரிதான் இந்தப் பேச்சு வந்தது. "உங்கள் மேசியா வந்துவிட்டார் என்கிறாய். ஏசாயா இரண்டாம் அதிகாரத்தை எடு" என்றார். நான் போனில் தமிழில் எடுத்தேன். அவர் எபிரெயத்தில் மனப்பாடமாகச் சொன்னார். பட்டயங்களை மண்வெட்டிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள், ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை. முடித்துவிட்டு, "வெளியே என்ன சத்தம் கேட்கிறது?" என்றார்.

அவருடைய வாதம் மொத்தமும் அவ்வளவுதான். இது அவருடைய சொந்தச் சரக்கும் அல்ல. 1263இல் பார்சிலோனாவில் அரகோன் அரசன் ஜேம்ஸ் முன்னிலையில் நடந்த பெரிய விவாதத்தில் நக்மானிடிஸ் என்ற ரபி, அதாவது யூத மதபோதகர், இதையேதான் சொன்னார்: நீங்கள் சொல்கிற ஆள் வந்த நாளிலிருந்து இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்துதானே கிடக்கிறது?

நாம் மேசியா என்றதும் பாவமன்னிப்பு, பரலோகம் என்று போய்விடுகிறோம். இவர்கள் எதிர்பார்ப்பது தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா. அவர் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. அந்நிய ஆட்சியை நீக்கவேண்டும், சிதறிப்போனவர்களைக் கூட்டிச் சேர்க்கவேண்டும், எருசலேமில் நியாயம் நடத்தவேண்டும், அப்புறம் ஜாதிகளெல்லாம் ஆண்டவரை அறியவேண்டும். தாத்தா தினமும் மூன்று வேளை ஜெபிக்கிறார். முழங்கால் பலமில்லாததால் நான் தோளைப் பிடித்துக்கொள்ள, நின்றுகொண்டே சொல்கிற அந்த ஜெபத்தில் எருசலேம் கட்டப்படவும் தாவீதின் தளிர் துளிர்க்கவும் விண்ணப்பம் வருகிறது. பஸ்கா ராத்திரியில் ஈராக் யூதர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புளிப்பில்லா அப்பத்தைத் துணியில் கட்டி ஒரு பிள்ளையின் தோளில் போட்டு, பயணக்காரன் மாதிரி வரச் சொல்வார்கள். "எங்கேயிருந்து வருகிறாய்?" "எகிப்திலிருந்து." "எங்கே போகிறாய்?" "எருசலேமுக்கு." பேரன் அதை விளையாட்டாகச் சொல்லும்போது தாத்தா சிரிப்பதில்லை.

இயேசுவின் காலத்திலும் பெரும்பாலும் இந்த ராஜாவைத்தான் எதிர்பார்த்தார்கள். கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே எருசலேமைப் பிடித்தபிறகு எழுதப்பட்ட சாலொமோனின் சங்கீதங்கள் என்றொரு தொகுப்பு இருக்கிறது. நம் வேதாகமத்தில் அது இல்லை. அதில் பதினேழாவது சங்கீதம், தாவீதின் குமாரன் எழும்பி எருசலேமை அந்நியரிடமிருந்து சுத்திகரிக்கவேண்டும் என்று மன்றாடுகிறது. ஆனால் எல்லாரும் ஒரேமாதிரி நினைத்தார்கள் என்றும் சொல்லமுடியாது. 1947 முதல் சவக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒரு கூட்டத்தாரின் சட்டத் தொகுப்பு உண்டு. அவர்கள் ஆரோனின் வழியில் ஒருவர், இஸ்ரவேலின் வழியில் ஒருவர் என்று இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தார்கள்.

இனி கலிலேயாவுக்கு வாருங்கள். நாசரேத்திலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டரில் செப்போரிஸ் என்ற பட்டணம். ஏரோது கி.மு. 4இல் செத்ததும் எசேக்கியாவின் மகன் யூதாஸ் என்பவன் அங்கிருந்த ஆயுதக் கிடங்கை உடைத்துக் கலகம் செய்தான். ரோமர் வந்து பட்டணத்தைக் கொளுத்தி, ஜனங்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். தளபதி வாரஸ் எருசலேம்வரை போய், பிடிபட்ட கலகக்காரரில் 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் கி.பி. 6இல் குடிமதிப்பு எழுதியபோது கலிலேயனாகிய யூதாஸ். கி.பி. 36 வாக்கில் சமாரியாவில் ஒருவன், மோசே புதைத்துவைத்த பாத்திரங்களைக் காட்டுகிறேன் என்று ஜனங்களைக் கெரிசீம் மலைக்குக் கூப்பிட, ரோம ஆளுநர் பிலாத்து படையை அனுப்பி வெட்டினான். அந்தக் கொலைக்காகத்தான் அவன் பதவியே போயிற்று. நாற்பதுகளில் தெயுதாஸ், யோர்தான் நதி பிளக்கும் என்றவன், தலை போயிற்று.

ஆக, மீட்பர் என்று எழும்புகிறவன் ரோமர் கையில் செத்தால் அவன் அவரல்ல என்பது அந்த ஊர்களில் குழந்தைக்கும் தெரியும். அதிலும் மரத்தில் தூக்கிப்போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21 சொல்கிறது. சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு இடறல் என்று பவுல் எழுதும்போது தன் சொந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறார்.

உங்கள் பையனுக்கு நான் முதலில் காட்டவிரும்புவது பரிசேயர் என்ற யூத மதப்பிரிவினரை அல்ல, சீஷர்களை. பேதுரு "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிட்ட அதே மூச்சில், பாடுபடவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதும் அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறார். எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீஷர்கள் வழியில் என்ன சொல்கிறார்கள்? "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்." செத்துப்போனார், கதை முடிந்தது என்று ஊருக்குத் திரும்புகிறார்கள். உயிர்த்தெழுந்தபிறகு, நாற்பது நாள் கூடவே இருந்து கேட்டபிறகும், அப்போஸ்தலர் 1:6இல் கேட்கிற கேள்வி: "ஆண்டவரே, இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்?" ரமத் கான் தாத்தா கேட்பதும் அதேதான். ஏற்றுக்கொண்டவர்களுக்கும் ஏற்காதவர்களுக்கும் எதிர்பார்ப்பில் வித்தியாசமே இல்லை. முதலாவது கூட்டம் உயிர்த்தெழுந்தவரைக் கண்டது, அல்லது கண்டவர்கள் சொன்னதை நம்பியது. அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று. நாசரேத்து ஜெப ஆலயத்தில் நடந்ததைச் சொல்லும்போது, "தன்னை மேசியா என்றார், உடனே கோபப்பட்டார்கள்" என்று வேகமாகக் கடந்துபோகிறோம். லூக்கா 4ஐ நிதானமாக வாசியுங்கள். ஏசாயாவை வாசித்து, இந்த வாக்கியம் இன்றைக்கு நிறைவேறிற்று என்கிறார். அதற்கு அவர்கள் ஆச்சரியப்பட்டு நற்சாட்சிதான் கொடுக்கிறார்கள். பஞ்சகாலத்தில் எலியா போனது சீதோன் நாட்டு விதவையிடம், குஷ்டம் நீங்கியது சீரியனாகிய நாகமானுக்கு என்று சொன்ன பிறகுதான் மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான் என்பதில் சந்தோஷம், ஆனால் அந்தப் பலன் பக்கத்து நாட்டானுக்கு என்றால் பொறுக்கவில்லை. இது யூதருக்கு மட்டும் உள்ள குணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திறப்பின் வாசல்:

தம்பி, நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் முடிவாக என்ன சொல்ல வருகிறீர்கள்? அவர்கள் செய்தது சரி என்றா? சூழ்நிலையைக் காட்டி அவிசுவாசத்தை நியாயப்படுத்த முடியாது. ஏசாயா 53ஐ நீங்கள் தொடவேயில்லை. அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டியைப்போல என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறதே. அந்தத் தாத்தாவிடம் அதை வாசித்துக்காட்டினீர்களா?

குமரிக்காரன்:

காட்டினேன் ஐயா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதுதான் என் கையிலிருந்த பெரிய ஆயுதம். அவர் கோபப்படவில்லை. "53ஐ மட்டும் தனியாக ஏன் எடுக்கிறாய்? 41இலிருந்து வாசித்துக்கொண்டு வா" என்றார். 41, 44, 49 மூன்றிலும் "என் தாசன்" என்று இஸ்ரவேலைப் பெயர் சொல்லியே கூப்பிட்டிருக்கிறது. ஆகவே பாடுபடுகிற தாசன் இந்த ஜனம்தான் என்பது அவர்கள் வாசிப்பு. 11ஆம் நூற்றாண்டில் ராஷி என்ற ரபி அப்படி எழுதினார். அதற்கு வெகுகாலம் முன்னால், மூன்றாம் நூற்றாண்டிலேயே, யூத அறிஞர்கள் தன்னிடம் இப்படி விளக்கினார்கள் என்று ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் குறித்துவைத்திருக்கிறார். நமக்குப் பதில் சொல்வதற்காகப் பின்னால் கட்டிவிட்ட கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

53ஆம் அதிகாரம் இயேசுவைப் பற்றியது என்றுதான் நான் விசுவாசிக்கிறேன். அதில் எனக்குத் தடுமாற்றமில்லை. ஆனால் அது யாருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும் என்று வேதமே சொல்லவில்லை. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் அதே பகுதியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார், எருசலேமில் ஆராதனை முடித்துத் திரும்புகிற பக்தர். அவர் பிலிப்புவிடம் கேட்டது, தீர்க்கதரிசி தம்மைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா என்று. ஒருவர் ஏறி உட்கார்ந்து விளக்கவேண்டியிருந்தது. சீஷர்களுக்குக்கூட, லூக்கா 24இல், உயிர்த்தெழுந்த ஆண்டவரே அவர்கள் மனதைத் திறக்கவேண்டியிருந்தது. கூடவே மூன்று வருஷம் சாப்பிட்டு நடந்தவர்களுக்கே அது தேவைப்பட்டிருக்கும்போது, பிரதான ஆசாரியன் காய்பா வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தவனை, ஏன் நீ கண்டுகொள்ளவில்லை என்று நான் எப்படி அதட்டுவேன்?

சரியா தப்பா என்று கேட்டீர்கள். அவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். தங்கள் சொந்த ஆட்களையும் அதே கோலால்தான் அளந்தார்கள் என்பதை மட்டும் நான் சொல்லவருகிறேன். 132இல் பார் கோக்பா ரோமருக்கு எதிராக எழும்பியபோது, யூத ஞானிகளில் தலைசிறந்தவரான அகிபா, இவரே மேசியா ராஜா என்று அறிவித்தார். யோகனான் பென் தோர்த்தா என்ற இன்னொரு ரபி, அகிபா, உன் தாடையில் புல் முளைக்கும், அப்போதும் தாவீதின் குமாரன் வந்திருக்கமாட்டான் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 135இல் பெத்தார் கோட்டை விழுந்தது, பார் கோக்பா செத்தார். களத்தில் மட்டும் 5,80,000 பேர் என்று ரோம வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். எருசலேம் பெயரையே ஏலியா கபித்தோலினா என்று மாற்றிவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், இவர்கள் ரம்பாம் என்பார்கள், இதை விதியாகவே எழுதிவிட்டார்: தாவீது வம்சத்து ராஜா ஆலயத்தைக் கட்டி, சிதறியவர்களைச் சேர்த்தால் அவர் மேசியா. முடியாமல்போனால், அல்லது கொல்லப்பட்டால், வாக்களிக்கப்பட்டவர் இவரல்ல. அற்புதம் செய்துகாட்டவேண்டிய அவசியம்கூட இல்லையாம். நம் பக்கத்தில் நாம் முதலில் எடுத்து நீட்டுவது அற்புதங்களைத்தான். அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

வைகைக்கரை:

நான் கத்தோலிக்கன், மதுரைப் பக்கம். டீச்சர் கேட்ட மூன்றாவது கேள்வியை, ஜனம் மொத்தமுமா என்பதை, ஒருவரும் இன்னும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நற்செய்தி நூல்களையே பாருங்கள். குருத்து ஞாயிறன்று ஊர்வலம் போனவர்கள் யூதர்கள். கோவிலில் அவர் பேசுவதைக் கேட்க விடியற்காலையிலேயே வந்தவர்கள் யூதர்கள். மக்களுக்குள் கலகம் வந்துவிடும், விழாவின்போது வேண்டாம் என்று தலைமைக் குருக்கள் பயந்ததால்தான் இரவில், சீடர் யூதாசைப் பிடித்து, தோட்டத்தில் போய்க் கைது செய்யவேண்டியிருந்தது. மக்கள் வெறுத்துவிட்ட ஆளைப் பகலில் தெருவிலேயே பிடித்திருக்கலாமே? சிலுவை சுமந்து போகும்போது பெருங்கூட்டம் அழுதுகொண்டு பின்னால் போனது என்று லூக்கா எழுதுகிறார். அடக்கம் செய்ய இடம் கொடுத்த அரிமத்தியா யோசேப்பு ஆலோசனைச் சங்கத்தின் உறுப்பினர்.

அந்தத் தலைமைக் குருக்கள் யார்? காய்பாவை நியமித்தது ரோம ஆளுநர் வலேரியஸ் கிராத்தஸ். 18இலிருந்து 36வரை அந்தப் பதவியில் உட்கார்ந்திருந்தார், பிலாத்து ஆண்ட காலம் முழுக்க. அந்தக் காலத்துக்கு இது மிக நீண்ட பதவி. ஆளுநரோடு ஒத்துப்போகாமல் அது நடக்காது. தலைமைக் குரு விழாக்களில் உடுத்தும் புனித உடையை ரோமர்கள் கோவிலை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் பூட்டி முத்திரையிட்டு வைத்திருந்தார்கள் என்று யோசேபஸ் சொல்கிறார். பாஸ்கா வந்தால் அதைக் கோட்டையிலிருந்து வாங்கிவந்து உடுத்தவேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்த நிலையில் இருக்கிற மனிதர்தான், மக்கள் எல்லாரும் அழிவதைவிட ஒரே ஆள் சாவது நல்லது என்கிறார். ரோமர் வந்து இடத்தையும் இனத்தையும் அழித்துவிடுவார்கள் என்ற பயமும் பொய்யில்லை, 70இல் அப்படியேதான் நடந்தது. தீர்ப்பு பிலாத்துவுடையது, ஆணி ரோமனுடையது, பலகையில் எழுதியதோ யூதரின் அரசன் என்று. அரசியல் குற்றத்துக்கான தண்டனை.

இன்னொன்றும் வகுப்பில் சொல்லலாம். ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு எருசலேம் சபைக்குத் தலைவராக இருந்தார். 62இல் அனனஸ் என்ற தலைமைக் குரு அவரைக் கல்லெறிந்து கொல்லவைத்தார். அதை எதிர்த்து முறையிட்டவர்கள் யார்? திருச்சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூதர்கள். அனனஸ் மூன்று மாதத்திலேயே பதவியிழந்தார்.

"இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்ற மத்தேயு வசனத்தை ஒரு இனத்தின் தலையில் ஏற்றியதன் விலையைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. 1096இல் முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் ரைன் நதிக்கரையில் ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களை வெட்டின. எருசலேமுக்குப் போகிற வழியில் கிறிஸ்துவின் பகைவர்கள் இங்கேயே இருக்கிறார்களே என்று. பின்னாளில் எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தின் 1566ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலே, இயேசுவின் சாவில் யூதர்களைவிடப் பாவம் செய்கிற கிறிஸ்தவர்களின் குற்றம்தான் பெரியது என்று சொல்லியிருந்தது. அதைப் படித்தவர்கள் படித்தார்கள், பிரசங்கத் தொட்டியில் வேறுதான் ஒலித்தது. புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து இருந்த "துரோக" என்ற அடைமொழியைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல்தான் நீக்கினார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அன்று நடந்ததற்கு அப்போது வாழ்ந்த எல்லா யூதர்களையோ இன்றைய யூதர்களையோ பொறுப்பாக்க முடியாது என்று எழுத்தில் வைத்தது. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த அவுஷ்விட்ஸ் நடந்து முடிந்து இருபது வருடம் கழித்து.

எங்கள் பக்கத்து ஒரு பங்கு ஆலயத்தில், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் போடுவார்கள். பரிசேயர்களுக்குக் கறுப்பு அங்கி, கொக்கி மூக்கு ஒட்டிவிடுவார்கள். மாதாவுக்கும் அருளப்பர் என்கிற யோவானுக்கும் நீலமும் வெள்ளையும், சாதாரண மூக்கு. எல்லாரும் ஒரே இனம்தானே என்று நாடக ஆசிரியரிடம் கேட்டேன். "ஜனங்களுக்கு அடையாளம் தெரியணும்ல சார்" என்றார்.

திறப்பின் வாசல்:

யாரையும் வெட்டச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனாலும் சுவிசேஷம் அவர்களுக்கும் அறிவிக்கப்படவேண்டும், அதில் சமரசம் கூடாது. ரோமர் 9ஆம் அதிகாரத்தில் பவுல் தன் இனத்தாருக்காகச் சபிக்கப்பட்டவனாகவும் சம்மதித்தார், அந்தப் பாரம் நமக்கு வேண்டும்.

வைகைக்கரை:

வேண்டும் ஐயா. அந்த 9ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் 11வரை வாசியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கடவுள் தம் மக்களைத் தள்ளிவிட்டாரா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். நாம் காட்டொலிவக் கிளை, ஒட்டவைக்கப்பட்டவர்கள், வெட்டப்பட்ட கிளைகளைப் பார்த்துப் பெருமை பாராட்டாதே, வேரை நீ தாங்கவில்லை என்று எழுதியது பிற இனத்தாராகிய நமக்கு. மதுரைக்கும் பாளைக்கும் வந்த கடிதம் அது.

பாளை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அடுத்த வாரம் எம்மாவு பாடத்தில் தொடங்கி, அங்கிருந்து பின்னால் போகலாம் என்று இருக்கிறேன். செப்போரிஸ் கதையும் காய்பாவின் உடுப்பும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும். மூக்கு விஷயத்தைப் பெரியவர்கள் கமிட்டியில் சொல்லப்போகிறேன், ஈஸ்டர் நாடகத்துக்கு எங்கள் பீரோவிலும் அப்படி ஒரு மூக்கு கிடக்கிறது.

குமரித் தம்பியிடம் ஒன்று கேட்கவேண்டும். அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கும் மேசியாவுக்குக் காத்திருக்கிறார்களா? தாத்தா மாதிரி ஆட்கள் எத்தனை பேர்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

குமரிக்காரன்:

எல்லாரும் இல்லை டீச்சர். தெல் அவீவ் கடற்கரையில் சாயங்காலம் நாய் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களிடம் மேசியா என்றால் சிரிப்பார்கள். தாத்தாவின் மகளே அப்படித்தான். ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வருவார், வெள்ளிக்கிழமை சாயங்காலமே சிறு தீயில் ஏற்றிவைக்கிற கோழியும் அரிசியும் அப்படி. மதத்தில் மிகக் கண்டிப்பான கறுப்புக் கோட்டுக்காரர்கள் தினமும் எதிர்பார்க்கிறார்கள். தாத்தா இரண்டுக்கும் நடுவில். வருவார், ஆனால் நாளைக் கணக்குப் போடக்கூடாது என்பார், கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு. 1665இல் சபத்தாய் சேவி என்பவரை நம்பி ஐரோப்பாவிலும் துருக்கியிலும் வியாபாரிகள் சொத்தை விற்றுவிட்டுப் பயணத்துக்குத் தயாரானதையும், அடுத்த வருஷமே அவர் சுல்தான் முன்னால் தலைப்பாகை கட்டி முஸ்லிம் ஆனதையும் அதற்குக் காரணமாகச் சொல்வார்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ரோட்டோரத்தில், கார்களில், பால்கனிகளில் மஞ்சள் கொடி பார்க்கலாம். நடுவில் நீலக் கிரீடம், கீழே மேசியா என்று எபிரெயத்தில். அது ஹபாத் என்ற யூத பக்தி இயக்கத்தில் ஒரு பகுதியினருடையது. நியூயார்க்கில் இருந்த அவர்கள் ரபி, மெனாகெம் மெண்டல் ஷ்னேர்சன், 1994இல் காலமானார். அவரே மேசியா, திரும்பி வெளிப்படுவார் என்று இவர்கள் நம்புகிறார்கள். இயக்கத் தலைமை அதை ஏற்பதில்லை, மற்ற யூதர்கள் பலருக்கு எரிச்சல்.

வெள்ளிக்கிழமை காலையில் சந்தை வாசலில் அந்தப் பையன்கள் சின்ன மேஜை போட்டு, போகிற வருகிற யூத ஆண்களைக் கூப்பிட்டுக் கையிலும் நெற்றியிலும் தோல்பெட்டி கட்டி ஜெபிக்கவைப்பார்கள். தாத்தாவுக்கு அது பிடிக்கும், வீல்சேரை நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டுவார். ஒருநாள் வாரைச் சுற்றிக்கொண்டே பையன் தன் ரபியைப் பற்றி ஆரம்பித்தான். "அடக்கம் பண்ணியாயிற்றே தம்பி. ரம்பாமை எடுத்துப் பார்" என்றார் தாத்தா. பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அசரவில்லை. "ரம்பாம் கொல்லப்பட்டால் என்றுதானே எழுதியிருக்கிறார்? எங்கள் ரபி கொல்லப்படவில்லை, இயற்கையாக இறந்தார். இறந்தவர்களிலிருந்தும் மேசியா வரலாம் என்று நம் ரபிகளின் தல்மூது நூலிலேயே இடம் இருக்கிறது" என்று அதிகாரம் பக்கம் எல்லாம் சொன்னான். பின்னால் காய்கறிப் பையோடு வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாத்தா கையில் வாரோடு அப்படியே என் பக்கம் திரும்பி, "இவன் உன் கட்சி, நீயே பேசிக்கொள்" என்றார்.